தலையெண்ணியின் பக்கத்து இருக்கை

அந்த மனிதரை அவருடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். லிஃப்ட் கம்பெனியில் 'மெக்கானிக்', மாமியார் வீட்டில் 'சின்ன மாப்பிள்ளை', கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில் 'தலையெண்ணி'. மூன்றில் அவருக்குப் பிடித்தது கடைசிப் பெயர்தான். ஐம்பத்திரண்டு வயதுவரை அப்படி என்ன சாதித்துவிட்டாய் என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. இருபத்தாறு வருடமாக, சொந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டம்கூட விடாமல், வந்த கூட்டத்தைத் தலை தலையாக எண்ணியிருக்கிறார்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒலிபெருக்கியில் ஒருவன் குழைந்த குரலில் அறிவிப்பான், இன்று வருகை பதினெட்டாயிரத்து நானூறு என்று. கிளப் சொல்வது விற்ற டிக்கெட்டும் ஓசியில் கொடுத்த டிக்கெட்டும் சேர்ந்த எண். காக்கை மட்டும் உட்கார்ந்திருக்கும் மேல் வரிசைகளும் அந்தக் கணக்கில் நிரம்பி வழியும். நம் ஆள் பிற்பாதி தொடங்கிப் பத்தாவது நிமிடம் எழுந்து நின்று நாலு பக்க கேலரியையும் எண்ணுவார். வரிசைக்கு முப்பத்தாறு இருக்கை. கூட்டம் அதிகமென்றால் காலி இருக்கையை எண்ணிக் கழிப்பார். குறைவென்றால் தலையையே எண்ணுவார். படிக்கட்டில் நிற்பவன், டீக்குப் போனவன், கழிப்பறை வாசலில் நெளிகிறவன் எவனும் கணக்கில் கிடையாது. உட்கார்ந்த தலைதான் தலை என்பது அவருடைய சட்டம். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, "பதினோராயிரத்து எழுபது" என்பார். அந்த எண் ரசிகர் சங்கத்தின் பலகையில் ஏறும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரனும் கிளப்பின் எண்ணைப் போட்டுவிட்டு, அதன் கீழே இவருடைய எண்ணைப் போடுவான். அந்த ஒரு வரியைக் கத்தரித்து வைத்த நோட்டுகள் மூன்று அவர் வீட்டில் இருந்தன.

எண்ணுகிற அந்தக் கால் மணி நேரம் ஆட்டத்தைப் பார்க்க முடியாதே, அதற்கு என்ன செய்தார்? அதற்குத்தான் மகள் இருந்தாள். ஆறு வயதில் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். பதினோராம் வரிசையில் பதினேழு அவருக்கு, பதினெட்டு அவளுக்கு. இவர் எதிர்க் கேலரியைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்க, அவள் இருக்கையின் மேல் ஏறி நின்று இவர் காதில் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பத்து வயதிலேயே கால்பந்தின் சிக்கலான ஆஃப்சைடு விதி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கருவிப் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து, போல்ட்டுகளை ஒரு கட்சியாகவும் நட்டுகளை இன்னொரு கட்சியாகவும் நிறுத்தி அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பொண்ணா இது, ரெஃப்ரியா என்று கேலரியே கேலி செய்யும். அவருக்கு அப்போது கால் தரையில் பாவாது.

மூன்று வருடத்துக்கு முன் கிளப், வருடம் முழுக்க ஒரே இருக்கையைத் தரும் சீசன் கார்டின் விலையை ஏற்றியது. மறு வருடமும் ஏற்றியது. இரண்டு கார்டுக்கு அவருடைய சம்பளம் தாங்கவில்லை. ஏதாவது ஒன்றைத்தான் புதுப்பிக்க முடியும் என்ற நிலை. மூன்று நாள் யோசித்தார். தான் போகாவிட்டால் யார் எண்ணுவது? பலகையில் என்ன போடுவது? கிளப் சொல்வதையே ஊர் நம்பிவிடாதா? இது தன் ஒருவருடைய விஷயம் இல்லை, பொது விஷயம் என்று தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, தன் கார்டைப் புதுப்பித்தார், மகளுடையதை விட்டார். உலகத்தில் எந்த அப்பனாவது இப்படி யோசிப்பானா? தலையெண்ணி யோசித்தார். அவளிடம் சொன்னபோது, "சரிப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்ததென்று அந்த மகானுபாவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பதினெட்டாம் இருக்கையை ஒரு பல் மருத்துவர் வாங்கினார். ஆட்டத்துக்கு நடுவில் பத்திரிகை படிக்கிற ஆள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு ஒன்று.

மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது சகலை, டைல்ஸ் கடை வைத்திருந்தார். கிளப் அலுவலகத்துக்குத் தரை போட்டுக்கொடுத்த வகையில் மேற்கு கேலரியில் கூரைக்குக் கீழே, மெத்தை வைத்த இருக்கைகள் இரண்டு அவருக்கு வருடம் முழுக்க இலவசமாகக் கிடைத்தன. மனிதருக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிரக் கால்பந்து பற்றி வேறெதுவும் தெரியாது. கூடப் போக ஆள் இல்லை. அவருக்குப் பிள்ளையும் இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பாப்பா சும்மாத்தான இருக்கா, நான் கூட்டிட்டுப் போறேனே" என்றார். மகளின் முகம் மலர்ந்ததைத் தலையெண்ணி பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்று பிடித்தது சனி. கிழக்கு கேலரியில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, அவர் மேற்கே நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையில் பைனாகுலர் வேறு. சகலை அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவது தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது தெரிந்தது. அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒருநாள் அவள் மடியில் எதையோ வரிசையாக அடுக்கி, விரலால் ஒன்றைத் தள்ளி, சகலைக்கு விளக்குவதைப் பார்த்தார். கடலைத் தோலோ, டிக்கெட் துண்டோ, தெரியவில்லை. ஆனால் என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா? ஆஃப்சைடு. அவர் போல்ட்டும் நட்டும் வைத்துச் சொல்லிக்கொடுத்த ஆஃப்சைடை அவள் அந்த டைல்ஸ்காரருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சகலை தலையைத் தலையை ஆட்டினார். இவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் கேலரியே எழுந்து குதித்தது. பல் மருத்துவர்கூடப் பத்திரிகையைக் கீழே போட்டார். "சூப்பர் கோல் இல்ல?" என்று யாரோ இவர் முதுகில் தட்டியபோது, "ஆமா ஆமா" என்றார். பார்த்தால்தானே.

வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அவள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவளிடம் போய், மெத்தை இருக்கையில் உட்கார்ந்தால் முதுகு வலி வருமாமே என்பார். கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் தூரத்து கோல் போஸ்ட் தெரியாதே என்பார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுதுப்பா" என்று பக்கத்தைப் புரட்டுவாள். சகலை வீட்டுக்கு வந்தால் இவருக்கு எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுபோன செய்தி வந்துவிடும். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த நிலைமையில் கிளப் மூன்றாவது முறையாக விலையை ஏற்றியது. ஒரு ஆட்டத்துக்கான சாதாரண டிக்கெட், ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் கூலி. ரசிகர் சங்கத்தின் செயலாளர் ரொட்டிக் கடை வைத்திருந்தார். கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவில், நாற்பது பேர் கூடி அடித்துக்கொண்டார்கள். கூட்டம் குறைவதால்தான் விலையை ஏற்றுகிறான் என்று ஒரு கட்சி. விலையை ஏற்றுவதால்தான் கூட்டம் குறைகிறது என்று இன்னொரு கட்சி. பஸ் டிரைவர் ஒருவர், ஒழுங்காக ஜெயித்தால் சொத்தை விற்றாவது வருவேன், தோற்பதைப் பார்க்க இந்த விலையா என்றார். விலை கம்மியாக இருந்த காலத்தில் மட்டும் கிழித்தார்களா என்று வேறொருவர் கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், நாம் போகாவிட்டால் ஆடுகிற பிள்ளைகள் மனசு உடைந்துவிடும் என்று கண் கலங்கினார். டிவியில் பார்த்தால் போயிற்று என்று ஒருவன் சொல்ல, அவனை வெளியே போகச் சொன்னார்கள். எண்கள் வேண்டியிருந்தபோதெல்லாம் தலையெண்ணியைத்தான் பார்த்தார்கள். நாலு வருடத்துக்கு முன் சராசரி பதினாலாயிரம், இப்போது ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று அவர் மூச்சுவிடாமல் சொன்னார்.

அப்போது பஸ் டிரைவர் ஒரு வார்த்தை விட்டார். "நம்ம இங்க கத்திட்டிருக்கோம். அந்தப் பக்கம் ஓசி டிக்கெட்ல உக்காந்து கை தட்றானுங்க பாரு, அவனுங்களச் சொல்லணும்."

சுரீரென்றது தலையெண்ணிக்கு. எழுந்து நின்றார். வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது என்றார். கிழக்கு கேலரி மட்டும் இல்லை, நாலு பக்கமும். மைதானம் காலியாகக் கிடக்கட்டும், அன்றைக்கு அவன் என்ன எண்ணை அறிவிக்கிறான் என்று பார்ப்போம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மீறி எவன் உள்ள போனாலும், அவன் யாரா இருந்தாலும் சரி, சொந்தக்காரனா இருந்தாலும் சரி, பேரைப் பலகைல எழுதிப் போடணும். பேரை நான் குடுக்கறேன்" என்றார். அறை கைதட்டியது. இந்த மனிதருக்கு இவ்வளவு கொள்கைப் பிடிப்பா என்று தபால்காரர் வியந்தார். கொள்கையாவது ஒன்றாவது. அவர் கண்ணுக்கு முன்னால் பலகையில் சகலையின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்துகொண்டிருந்தது.

இருபத்தாறு வருடத் தொடர் அறுந்துபோகுமே என்று ரொட்டிக் கடைக்காரர் மெதுவாக நினைவூட்டினார். பரவாயில்லை என்றார். மைதானத்துக்கு எதிர்த் தெருவில் இருந்த பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் அவருடைய பராமரிப்பில் இருந்தது. மொட்டை மாடியில் லிஃப்டின் மெஷின் அறை. அங்கிருந்து நாலு கேலரியும் உள்ளங்கை மாதிரி தெரியும். உள்ளே போகாமலே எண்ணிவிடலாம்.

வீட்டில் வந்து அறிவித்தார். பெரியப்பா கூப்பிட்டாலும் இந்த ஞாயிறு போகக்கூடாது என்றதற்கு மகள் தலையை ஆட்டினாள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிதான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு டிக்கெட் விலை மேல கோபமா, எங்கக்கா வீட்டுக்காரர் மேல கோபமா? முதல்ல அதச் சொல்லுங்க."

இது பொதுப் பிரச்சினை, உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு அவர் பைனாகுலரைத் துடைக்கப் போனார்.

ஞாயிறு மதியம் மொட்டை மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மெஷின் அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு கீழே பார்த்தார். மைதானத்தின் வாசலில் சங்கத்து ஆட்கள் முந்நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே, ஐயோ, அவ்வளவு பெரிய கிண்ணம் கழுவிக் கவிழ்த்த மாதிரி கிடந்தது. வீரர்கள் பந்தை உதைக்கும் சத்தம் பன்னிரண்டு மாடி ஏறி வந்தது. அவருக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. இத்தனைக்கும் தான் சொல்லித்தான் என்ற பெருமையும் கூடவே வந்தது.

எப்போதும் பிற்பாதியில்தான் எண்ணுவார். அன்று பொறுக்கவில்லை, ஆட்டம் தொடங்கியதுமே பைனாகுலரை எடுத்தார். நேராக மேற்குக் கூரைக்குக் கீழேதான் போனார். அங்கே இருநூறு பேருக்குக் குறையாது. நடுவில் சகலை, நீலத் தொப்பியோடு, வந்தேவிட்டார். மாட்டினாயா மகனே என்றார் தலையெண்ணி வாய்விட்டு. பிறகு பைனாகுலரை மெதுவாகப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்தினார். அதில் சகலையின் கோட்டு மட்டும் கிடந்தது. மகள் வரவில்லை. அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். பெரியப்பாவா, அப்பாவா என்று வந்தபோது அப்பா பக்கம் நின்றிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. இதைவிட அவருக்கு வேறு என்ன வேண்டும்? அந்தச் சந்தோஷத்திலேயே வடக்கை எண்ணினார், நூற்று நாற்பத்தொன்று. தெற்கு, எழுபத்தாறு. கடைசியாகச் சொந்தக் கிழக்கு. எண்ணவே தேவையில்லை, பூஜ்யம்தான். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று மேல் வரிசையிலிருந்து இறங்கினார்.

பதினோராம் வரிசையில் ஒரு தலை இருந்தது.

பைனாகுலரை இறக்கி, கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவர் மகள்.

முதலில் வந்த எண்ணத்தை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இது சகலையின் வேலை என்று நினைத்தார். தன்னை நாற்பது பேர் முன்னால் தலைகுனிய வைப்பதற்காக அந்த ஆள்தான் இவளைத் தூண்டிவிட்டு இங்கே உட்கார வைத்திருக்கிறான். பொறாமை ஒருவன் மூளையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் இப்படித்தான் ஓடும். ஆனால் கை தானாகவே பைனாகுலரை அசைத்தது, எண்ணிப் பழகிய கண் தானாகவே இருக்கைகளை எண்ணியது. அவள் உட்கார்ந்திருந்தது பதினெட்டில். பக்கத்தில் பதினேழு காலியாக இருந்தது. மொத்தக் கேலரியும் காலி. எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். அவள் அங்கே போய் உட்கார்ந்திருந்தாள்.

மெஷின் அறையைப் பூட்டினாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. லிஃப்டில் இறங்கினார். வயதானவர்கள் புகார் செய்தார்கள் என்று அவரே வேகத்தைக் குறைத்து வைத்திருந்த லிஃப்ட். பன்னிரண்டு மாடிக்கும் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தார்.

தெருவைக் கடந்து வருபவரைப் பார்த்ததும் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். எண்ணிக்கையோடு வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தலையெண்ணி அவரைத் தாண்டிப் போனார். தபால்காரரைத் தாண்டிப் போனார். டிக்கெட் கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் பணத்தை நீட்டி, கிழக்கு கேலரிக்கு ஒன்று என்றார். சொந்தக் கார்டு எங்கே போயிருக்கும் என்று அவருக்கு மாடியிலேயே புரிந்துவிட்டது. இரண்டு நாள் கூலி. எந்த விலையைக் கொடுக்கக்கூடாது என்று ஊரைக் கூட்டினாரோ, அந்த விலை.

"யோவ் தலையெண்ணி, எங்கய்யா போற?" என்று பஸ் டிரைவர் கத்தினார். அதன் பிறகு முந்நூறு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை முதுகில் சுமந்துகொண்டுதான் அவர் உள்ளே போனார்.

காலடிச் சத்தம் கேட்டு மகள் திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் பயந்து எழுந்தாள். உட்காரு என்று கையைக் காட்டிவிட்டுப் பதினேழில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"உங்க கார்ட எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். "வாசல்ல ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன். யாரும் பாக்கல."

"பெரியப்பா கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு. வரலன்னுட்டேன்."

அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது. மேற்கே கூரைக்குக் கீழே ஒரு நீலத் தொப்பி எழுந்து இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. மகள் பதிலுக்கு ஆட்டினாள். இவர் ஆட்டவில்லை. அந்த அளவுக்கெல்லாம் மனிதர் திருந்திவிடவில்லை.

"என் தொடர் அறுந்துடக் கூடாதுன்னு வந்தியா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வாள் என்று நம்பினார். மாடியிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார்.

அவள் தலையை அசைத்தாள். "இல்லப்பா. இன்னைக்கு ஒரு நாள்தான் அந்த டாக்டர் வரமாட்டாரு. இது காலியா இருக்கும். அதான்."

அவர் மேற்கே கூரையைப் பார்த்தார்.

"அங்க மெத்தையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பெரியப்பாவும் நல்லாத்தான் பாத்துக்கறாரு. ஆனா நீங்க எழுந்து எண்ணும்போதெல்லாம் அங்கருந்து உங்களத்தான் பாப்பேன். யாருமே உங்களுக்கு ஆட்டத்தச் சொல்றதில்லையேன்னு இருக்கும். ஒரு கார்டுன்னு வந்தப்ப நீங்க உங்களுத வச்சுக்கிட்டீங்க. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டிருக்கணும்."

"தப்புதான்" என்றார் தலையெண்ணி. "உன்ன அந்த ஆளோட பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சே ரெண்டு வருசம் போச்சு. பொறாம பாப்பா. வேற ஒண்ணும் இல்ல. இந்தக் கூத்து மொத்தமும் அதுக்காகத்தான் பண்ணேன்."

அவள் அவர் கையைத் தட்டினாள். எதிர் அணி வீரன் ஒருவன் ஓடி வந்தான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆஃப்சைடு" என்றார்கள்.

பிற்பாதியில் பத்தாவது நிமிடம் கைபேசி அடித்தது. ரொட்டிக் கடைக்காரர்தான். குரல் இறுகிப் போயிருந்தது. உள்ளே எதற்காகப் போனாரோ அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், பத்திரிகைக்காரன் காத்திருக்கிறான், எண்ணைச் சொல்லுங்கள் என்றார். தலையெண்ணி எழுந்து நின்றார். மற்ற மூன்று பக்கத்தையும் மறுபடி எண்ணிச் சொன்னார். மகள் காதில் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கிழக்கு?" என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருடத்து எண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"ரெண்டு."

"பேரு குடுக்கறேன்னீங்களே. யாரு அந்த ரெண்டு பேரு?"

"நானும் எம்பொண்ணும். எழுதிக்கோங்க."